இருபத்தைந்தாம் அட்டை

மகளைப் பார்த்ததும் டைலர் வாயில் வரும் முதல் சொல் "எவ்வளவு?" என்பதுதான். சாப்பிட்டியா, தூங்கினியா, கால் வலிக்குதா, ஒன்றும் கிடையாது. நீச்சல் குளத்திலிருந்து தலை ஈரம் காயாமல் வந்து நிற்பாள். கையிலிருக்கும் கத்தரிக்கோலைக் கூடக் கீழே வைக்காமல் "எவ்வளவு?" என்பார். அவள் நிமிஷம், செகண்ட், செகண்டில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் ஒப்பிக்க வேண்டும். ஒருமுறை காய்ச்சலோடு டாக்டரிடம் போய்விட்டு வந்தவளையும் அதையேதான் கேட்டார். "நூத்தி ரெண்டு" என்றாள். "நேத்து நூத்தி மூணு இருந்ததே, பரவாயில்ல, குறைச்சிருக்கே" என்றார் மனிதர். சிரிப்பதா அடிப்பதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

அம்மாதான் அவளுக்குத் தவளை என்று பெயர் வைத்தவள். எட்டு வயதில் குளத்தில் விட்டது, இப்போது இருபத்து நாலு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் அவளுடைய பந்தயம். கீழே கடை, மேலே வீடு. முதல் நாள் நேரம் நன்றாக வந்திருந்தால் மறுநாள் காலையில் தையல் மெஷின் பாட்டுப் பாடுகிற மாதிரி ஓடும். மோசமாக வந்திருந்தால் துணியைக் கடித்துத் துப்புகிற மாதிரி ஓடும். படியில் இறங்கும்போதே அந்தச் சத்தத்தைக் கேட்டு, இன்றைக்கு இந்த வீட்டில் தனக்கு என்ன மதிப்பு என்று தவளை தெரிந்துகொள்வாள். இது என்ன பிழைப்பு என்று நமக்குக் கேட்கத் தோன்றும். அவளுக்குத் தோன்றவில்லை, வேறு பிழைப்பு அவள் பார்த்ததில்லை.

ஐம்பது மீட்டர் குளத்தில் ஆயிரத்து ஐந்நூறு என்றால் முப்பது நீளம். தண்ணீருக்குள் இருப்பவளுக்கு எண்ணிக்கை குழம்பிவிடும் என்பதால், எதிர்க்கரையில் அவளுடைய ஆள் ஒருவர் குனிந்து நின்று, அவள் திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் எண் அட்டையைத் தண்ணீரில் முக்கிக் காட்டுவார். ஒன்று, மூன்று, ஐந்து என்று போய், கடைசி இருபத்தொன்பது மட்டும் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் இன்னும் ஒரே நீளம், இருக்கிற மூச்சையெல்லாம் கொட்டிவிடலாம். குளத்துக்காரர்கள் தரும் அட்டை டைலருக்குப் பிடிக்கவில்லை. தானே பிளாஸ்டிக் வெட்டி, எண் ஒட்டி, ஓரம் தைத்து, காலண்டர் மாதிரி புரட்டுகிற ஒரு கட்டு செய்துகொண்டார். ஒரு கையில் அட்டை, மறு கையில் ஸ்டாப் வாட்ச். தவளை ஒருநாளும் தானாக எண்ணியதில்லை. "எண்றது அப்பா வேலை, நீந்தறது என் வேலை" என்பாள்.

தேசிய அணித் தேர்வன்று அவள் நீந்தியது, சும்மா சொல்லக் கூடாது, பிரமாதம். இருபத்து மூன்றாவது நீளத்தில் டைலர் வாட்சைப் பார்த்தார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அணிக்குள் போகத் தேவையான நேரத்தைவிட மூன்று செகண்ட் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார், பொத்தானைத் தடவிப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பார்த்துக்கொண்டே அட்டையைப் புரட்டினார். ஈரத்தில் இரண்டு அட்டை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டன. இருபத்தைந்து காட்ட வேண்டிய இடத்தில் இருபத்தேழு தண்ணீருக்குள் போயிற்று. அடுத்த முறை சிவப்பு.

தவளை சிவப்பைப் பார்த்தாள், உயிரைக் கொடுத்து அடித்தாள், இந்தக் கரையைத் தொட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பலகையில் அவள் பெயருக்கு எதிரே நேரம் எதுவும் இல்லை. பக்கத்து வரிசைகளில் எல்லோரும் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். நேரம் பார்க்கும் அம்மாள் மேலேயிருந்து கத்தினாள்: "இன்னும் ரெண்டு இருக்கு! போ, போம்மா!" ஏழெட்டு செகண்ட் அப்படியே திகைத்து நின்றுவிட்டு, காலி உடம்போடு அந்த நூறு மீட்டரையும் நீந்தி முடித்தாள். அணிக்குத் தேவையான நேரம் நாலு செகண்டில் தவறிப்போனது.

இருவரும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள். டைலர் எவ்வளவு என்று கேட்கவில்லை. பதினாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மூன்று நாள் கடை ஷட்டர் பாதிக்கு மேல் ஏறவில்லை. பள்ளிக்கூடச் சீருடை அறுபது உருப்படி வெட்டாமல் கிடந்தது. மெஷின் சத்தமே இல்லை. மேலே படுத்திருந்த தவளைக்கு அந்தச் சத்தமின்மைதான் காதைப் பிளந்தது. அப்பா அவள் இருக்கும் அறைக்கு வரவில்லை. அவள் சாப்பிட உட்கார்ந்தால் அவர் எழுந்து கீழே போனார். சரிதான், என் முகத்தைப் பார்க்கக் கூட அவருக்குப் பிடிக்கவில்லை, நேரம் இல்லாத என்னை வைத்துக்கொண்டு இவர்கள் என்னதான் செய்வார்கள் என்று நினைத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அழுகையும் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மாவுக்குப் பொறுமை போயிற்று. "அப்பனும் மகளும் நல்லா சேர்ந்தீங்க. மேல ஒண்ணு சுவத்தைப் பாக்குது, கீழ ஒண்ணு அட்டையைப் பாக்குது. நடுவுல நான் யாருக்கு சமைக்கறேன்?"

"என்ன அட்டை?"

"போய்ப் பாரு. உன் மூஞ்சில முழிக்க முடியலையாம் அவருக்கு."

தவளை இறங்கிப் போனாள். வெட்டுப் பலகையின் மேல் அந்தக் கட்டை வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அட்டையை நனைத்து நனைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார் டைலர். இருபத்து மூன்று, இருபத்தைந்து, இருபத்தேழு. இப்போது ஒன்று கூட ஒட்டவில்லை.

"அரை இஞ்ச் தப்பாத கைம்மா இது" என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "உன் வாழ்க்கையில போய் தப்பிடுச்சு. அப்பன்னு சொல்லிக்கவே நான் லாயக்கில்ல."

தவளைக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. "என்னப்பா பேச்சு இது? ரெண்டு அட்டை ஒட்டிக்கிட்டா அப்பன் இல்லன்னு ஆயிடுமா? சின்ன வயசுல காய்ச்சல் வந்தப்போ என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்ததெல்லாம் எங்க போச்சு? ஒரே ஒரு நாள் தப்பினதுக்கு மொத்த மனுஷனும் ஒண்ணுமில்லாம போயிடுவானா?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

"அப்போ நான்?" என்றாள், குரல் இறங்கிப்போய். "நாலு செகண்ட் தப்பினதுக்கு நான் ஒண்ணுமில்லாம போயிடுவேனா?"

டைலர் பதறி நிமிர்ந்தார். "யாரு சொன்னா அப்படி?"

"நீங்கதான். பதினாறு வருஷமா. வாசல்ல நுழையும்போதே எவ்வளவு, எவ்வளவுன்னு. நான் எவ்வளவோ அவ்வளவுதானே எனக்கு மரியாதை?"

அவர் தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். ஈரக் கையை வேட்டி, சட்டை எதிலும் துடைக்காமல் பலகையிலேயே வைத்திருந்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றார் கடைசியில். "தண்ணின்னாலே பயம். முதல் நாள் நீ உள்ள குதிச்சு மூழ்கினப்போ எனக்கு உயிரே போயிடுச்சு. அன்னைக்கு கோச் சும்மா இருக்கட்டும்னு கையில வாட்சைக் குடுத்தார். முள்ளையே பாத்துக்கிட்டிருந்தா பயம் தெரியல. நீ மேல வந்ததும் என்ன கேக்கறதுன்னு தெரியல, எவ்வளவுன்னு கேட்டேன். நீ சிரிச்சுக்கிட்டே சொன்னே. அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

"பழகினதோட நிக்கலையே. நேரம் மோசமா வந்தா மெஷினைப் போட்டு மிதிச்சீங்களே?"

"மிதிச்சேன்" என்றார். "தப்புதான். எப்பவோ பயம் போய் ஆசை வந்துடுச்சு. அது எனக்கே தெரியல."

அவள் அவரை உடனே மன்னித்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். பதினாறு வருஷம் ஒரு மத்தியானத்தில் தீராது. ஆனால் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா மேலேயிருந்து "ரெண்டு பேருக்கும் சோறு கீழயே வரணுமா?" என்று கேட்கும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தவளை குளத்துக்குப் போனாள். கூடவே டைலரும் வந்தார். வாட்ச் கடை மேஜை டிராயரில் கிடந்தது. அதைப் பிடித்துப் பழகிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், முதலில் பின்னால் கட்டினார், பிறகு பையில் விட்டார், கடைசியில் அவள் துண்டை வாங்கி வைத்துக்கொண்டார். அவள் தண்ணீருக்குள் மூழ்கியபோது அவர் முகம் வெளுத்தது. இந்த முறை பார்த்துக்கொள்ள முள் இல்லை, அவளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தார்.

எத்தனை நீளம் போனாள் என்று யாரும் எண்ணவில்லை. போதும் என்று தோன்றியபோது கரையைப் பிடித்துத் தலையைத் தூக்கினாள். டைலருக்கு வாய் திறந்தது. "எவ்..." என்று ஆரம்பித்து, விழுங்கி, திணறி, "தண்ணி குளிருதாம்மா?" என்றார்.

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. நேரம் என்றால் நூறில் ஒரு பங்கு வரை தெரியும். இதை ஒருநாளும் கவனித்ததில்லை. கழுத்து வரை அமிழ்ந்து ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள்.

"குளிருதுப்பா. ரொம்பக் குளிருது" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, நனைந்த முகத்தில் யாருக்கும் தெரியாது. "அடுத்த வருஷத் தேர்வுக்கும் அட்டை நீங்கதான் பிடிக்கணும்."

டைலர் மிரண்டு போனார். "நானா? மறுபடி ஒட்டிக்கிட்டா?"

"ஒட்டட்டும். நானே எண்ணிக்கறேன். எதிர்க்கரைல நீங்க நின்னா போதும்."