ஆட்டைத்திவசம் முடியட்டும்

பாரிஸ்டரிடம் ஒரு வழக்கை ஒப்படைக்கும்போது கெட்ட செய்தியை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். இத்தனை வருடத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். நல்ல செய்திகளை அவர்களே தேடிக்கொள்வார்கள். கெட்டதை நாம் சொல்லாவிட்டால் அது நீதிமன்றத்தில் எதிராளியின் வாயிலிருந்து வரும்.

கேதீஸ்வரன் அண்ணாவின் வழக்கில் கெட்ட செய்தியே இல்லை என்று நினைத்தேன். முதல் பக்கத்தை அவ்வளவு அழகாக எழுதியிருந்தேன்.

நான் வீடு வாங்குவது, விற்பது, விசா, விவாகரத்து பார்க்கிற சட்டத்தரணி. பேட்டன்ட் எனக்கு மாமியார் வீடு மாதிரி. போய் வரலாம், குசினிக்குள் கை வைக்க முடியாது. அதனால்தான் அந்த விஷயத்திலேயே ஊறிய ஹெலன் என்ற பாரிஸ்டரைப் பிடித்தேன். என்ன நடந்தது, எப்போது நடந்தது, எந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் வேண்டும் என்று எழுதி, வரைபடங்களையும் கடிதங்களையும் அடுக்கி, இரண்டு தடித்த கோப்புகளாக அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் மெல்பன் நகரத்தில் அவருடைய அறையில் சந்திப்பு.

வழக்கு இதுதான். கார்த் தொழிற்சாலை மூடப்பட்டு வேலை போன பிறகு கேதீஸ் அண்ணா மெல்பன் புறநகரான ரோவிலில் தன் வீட்டுக் கராஜில் இருந்து ஒரு இடியப்ப மெசின் செய்தார். மாவைப் போட்டால் அது பிழிந்து, அவித்து, தட்டில் கொண்டுவந்து வைக்கும். இழை அறாது. பேட்டன்டும் எடுத்தார். பாகங்கள் வார்க்கக் கொடுத்த கம்பனிக்காரன் நிறத்தை மட்டும் மாற்றி அதையே சிட்னியிலும் மெல்பனிலும் விற்கத் தொடங்கினான். அதுவும் போதாமல், வாங்க வந்த எங்கள் தமிழ்ச் சமையல்காரர்களிடம், "உண்மையில் இது எங்களுடையது, கேதீஸ்தான் எங்களிடம் திருடினார்" என்றும் சொல்லித் திரிந்தான். அதை நம்புவதற்கும் நம்மவர்களுக்குள் ஆட்கள் இருந்தார்கள். கலியாண வீடுகளில் அவர் பக்கத்துக் கதிரை காலியாகவே கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

"எனக்குக் காசு வேண்டாம் தங்கச்சி. இது கேதீஸ் செய்ததுதான் எண்டு ஒரு நீதவான் சொன்னால் காணும்" என்று முதல் நாளே சொன்னார்.

நாங்கள் வழக்குப் போட்டோம். உன் பேட்டன்டே செல்லாது என்று அவர்கள் பதில் போட்டார்கள். அது பேட்டன்ட் வழக்குகள் எல்லாவற்றிலும் பாடுகிற பல்லவி என்பதால் நான் பெரிதாகப் பயப்படவில்லை.

சந்திப்புக்கு விமலாதேவி அக்காவும் வந்திருந்தார். மனைவியும் சாட்சி சொல்ல வேண்டி வரலாம், ஒருவர் பேச்சை மற்றவர் கேட்கக் கூடாது என்று ஹெலன் அவரை வெளியே வரவேற்பறையில் இருக்கச் சொன்னார். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "வடிவாச் சொல்லுங்கோ, பதறாதேங்கோ" என்று கணவரை உள்ளே அனுப்பிவைத்தார்.

ஹெலன் நல்ல மனுஷி. கோப்பை வரி விடாமல் படித்திருந்தார். "அவர்கள் உங்களைத் திருடன் என்கிறார்கள். அவர்களுக்கு முன்பே இது உங்களிடம் இருந்தது என்பதை எப்படிக் காட்டுவது?" என்று கேட்டார். நான் தமிழில் மாற்றிச் சொன்னேன்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலக் கேதீஸ் அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"சாட்சிக்கு ஊரே இருக்கு. கோயில் திருவிழா அன்னதானத்துக்கு இந்த மெசினில்தான் இடியப்பம் அவிச்சது. முதல் முதல் செய்தது சாமிக்குத்தானே. ஐயர் வந்து பொட்டு வைச்சு, தேங்காய் உடைச்சுத் தொடக்கி வைச்சவர். சனம் சுத்தி நிண்டு பாத்தது. வீடியோவும் இருக்கு." கைபேசியை எடுத்து மேசையில் வைத்தார். கோயிலின் யூடியூப் பக்கம். மெசின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் தட்டு எப்படிச் சுழல்கிறது என்று அவரே சிரித்த முகத்தோடு விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அண்ணா, ஆருக்கும் காட்டினனீங்களோ எண்டு நான் எத்தினை தரம் கேட்டனான்? ஏன் இதைச் சொல்லேல்லை?"

"கோயில்ல வைச்சதைக் காட்டினது எண்டு ஆர் சொல்லுவினம்? மற்றது, இது பெரிய சாட்சி எல்லோ. பெரிய ஆளிட்ட நேரில சொல்லுவம் எண்டு வைச்சிருந்தனான். குறை நினையாதேங்கோ."

குறை நினைத்து என்ன செய்வது. நம்மவர்கள் வைத்தியரிடமும் இப்படித்தான். தாதியிடம் தலையிடி என்பார்கள், பெரிய டொக்டர் வந்த பிறகுதான் நெஞ்சுநோவைச் சொல்வார்கள். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹெலன் வீடியோவின் திகதியைப் பார்த்தார். பிறகு பேட்டன்டுக்கு விண்ணப்பித்த திகதியைப் பார்த்தார். "விண்ணப்பிக்கும் முன்பே ஊருக்குக் காட்டிய பொருளுக்கு, காட்டியவர் நீங்களே ஆனாலும், பேட்டன்ட் செல்லாது. வெளியே காட்டிய பிறகு சட்டம் பன்னிரண்டு மாதம் தருகிறது. அதற்குள் விண்ணப்பித்திருந்தால் பிரச்சினையே இல்லை. நீங்கள் ஏன் இவ்வளவு காலம் காத்திருந்தீர்கள்?"

கேதீஸ் அண்ணா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். திருவிழா முடிந்த அடுத்த கிழமை அவருடைய அப்பா செத்துப்போனார். ஆட்டைத்திவசம் என்கிற முதலாம் ஆண்டுத் திவசம் முடியும்வரை, ஒரு வருடத்துக்கு வீட்டில் நல்ல காரியம் எதுவும் தொடங்குவதில்லை. பேட்டன்ட் போடுவதென்பது நல்ல காரியம் அல்லவா? "விமலா சொன்னவா, மாமாவின்ர ஆட்டைத்திவசம் முடியட்டும், துக்க வீட்டில தொடங்கினா விளங்காது எண்டு. திவசம் முடிஞ்ச கையோட போட்டனான்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஒரு வருடம் செத்தவருக்காகச் சும்மா இருந்தார்கள். அந்த ஒரு வருடத்தைத்தான் சட்டமும் கணக்கு வைத்திருந்தது.

ஹெலன் பேனாவை மூடி வைத்தார். "நான் உங்களை நம்புகிறேன். இது நீங்கள் செய்ததுதான். ஆனால் இந்த வீடியோவோடு பேட்டன்ட் நிற்காது. எனக்குத் தெரிந்த பிறகு தெரியாதது போல நான் வாதாட முடியாது. எப்படியும் அவர்கள் இதைக் கண்டுபிடிப்பார்கள்." வார்க்கிற கம்பனிக்கு வரைபடத்தை இரகசியமாகத்தானே கொடுத்தோம் என்று நான் கேட்டுப் பார்த்தேன். ஊரறியக் காட்டிய பிறகு அதில் என்ன இரகசியம் என்று மெதுவாகக் கேட்டார். வழக்கை மீளப்பெறுவதுதான் புத்தி என்றார்.

"அப்ப நீதவான் ஒண்டும் சொல்ல மாட்டாரோ?"

"இல்லை அண்ணா."

"இவா நம்புறா எண்டு சொன்னாவே?"

"ஓம். அந்த வீடியோவாலதான் நம்புறா. அந்த வீடியோவாலதான் தோத்ததும்."

அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இன்னமும் அவர் சிரித்தபடி மெசினை விளக்கிக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். திவசத்தைப் பற்றி விமலாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தன்னாலதான் எண்டு தெரிஞ்சா அவள் தாங்க மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்."

கட்சிக்காரர் சொல்லாதே என்றால் நான் வாய் திறக்க முடியாது. அதுவும் சட்டம்தான். சட்டம் அன்றைக்கு எங்களுக்கு ஒரு பக்கமும் வழி விடவில்லை.

வரவேற்பறையில் அக்கா எழுந்து நின்றார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் கைப்பையை இறுக்கிப் பிடித்தார். "என்னவாம்?"

"சரிவராதாம்" என்றார் கேதீஸ் அண்ணா.

"ஏனாம்?"

அவர் ஒரு காரணம் தேடினார். தேடியது எனக்குத் தெரிந்தது. திருவிழாவைச் சொன்னால் திகதி வரும், திகதி வந்தால் திவசம் வரும். அவருக்கு வேறு எதுவும் அகப்படவில்லை.

"எனக்கு முந்தியே வேற ஆரோ இதைச் செய்திருக்கினமாம்."

லிஃப்ட் வந்தது. ஒருவரும் ஏறவில்லை. விமலா அக்கா கணவரை ஏற இறங்கப் பார்த்தார். கராஜ் வாசலில் நின்று அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தவர், சோதனைக்குப் பிழிந்த இடியப்பத்தை ஊதி ஊதித் தின்றவர். ஊரே திருடன் என்றபோதும் அதை ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டவர்.

"அப்ப," என்று மெல்லக் கேட்டார், "நீங்கள் எங்கையப்பா பாத்துச் செய்தனீங்கள்?"

உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேதீஸ் அண்ணா என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கினேன்.

"ஞாபகமில்லை" என்றார் அவர்.