முந்திக் கட்டிய பனர்

உரும்பிராயில் வாழ்த்துப் பனர் கட்டாத குடும்பம் ஒன்றைக் காட்டுவது கஷ்டம். பிள்ளைக்கு ஒன்பது பாடத்திலும் ஏ வந்தால் பனர், மருமகன் லண்டனில் பட்டம் வாங்கினால் அதற்கும் ஒன்று. வெங்காயத் தோட்டக்காரர் பஞ்சலிங்கமும் கட்டினார். அவர் விட்ட பிழை ஒன்றே ஒன்றுதான்: பெயர்ப்பட்டியல் வருமுன்னமே கட்டிவிட்டார்.

அது ஒன்பது வருசத்துக்கு முந்திய கதை. மகள் ஆரணிக்கு அப்போது பதினான்கு வயது. வட மாகாணத்தின் பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்கள் ஹொக்கி அணிக்கு ஆள் எடுத்தார்கள். மகள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததுமே பஞ்சலிங்கத்துக்கு முடிவு தெரிந்துவிட்டது. பனர் அடிக்கிறவனும் சும்மா இருக்கவில்லை. "அண்ணை, திருவிழாக் காலம். பிறகெண்டால் ரெண்டு கிழமை செல்லும்" என்று கிளப்பிவிட்டான். இரட்டைப் பின்னலோடு ஆரணி சிரிக்க, 'வட மாகாண அணிக்குத் தெரிவான செல்வி ஆரணியை வாழ்த்துகிறோம்' என்று எட்டடிப் பனர் சந்தி மரத்தில் ஏறியது.

மறுநாள் பட்டியல் வந்தது. பதினாறு பேர். ஆரணி இல்லை. கேட்டதற்கு, பிள்ளை உயரம் காணாது என்றார்கள்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பனருக்குக் கீழால்தான் அவள் சைக்கிளில் வந்தாள். சந்தியில் நின்ற பெடியள் "வாழ்த்துகிறோம்!" என்று கோரசாகக் கத்தினார்கள். வீட்டுக்கு வந்தவள் அழக்கூட இல்லை. "அப்பா, இனி ஒரு நாளும் எனக்குப் பனர் கட்டப்படாது" என்றாள். பஞ்சலிங்கம் பிள்ளையார்மேல் சத்தியம் பண்ணினார். பனர் வெங்காயக் கொட்டிலில் மழைச் சாரலுக்கு மறைப்பாகிப் போனது. அதைப்பற்றி மகள் பிறகு வாய் திறக்கவே இல்லை. மன்னித்தாளா இல்லையா என்று கேட்க அவருக்குத் துணிவும் வரவில்லை. அந்த ஒன்றுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் மனிதர் சும்மா இருக்கிற ஆளா? பட்டியலைப் பிறந்த திகதிகளோடு கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவந்து ஆராய்ந்தார். பதினாறில் பதினொன்று ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பிறந்த பிள்ளைகள். ஆரணி டிசம்பர் முப்பது; வயதெல்லைக் கணக்கோ ஜனவரி ஒன்றிலிருந்து. வளருகிற வயதில் பத்து மாதம் என்பது சின்ன விசயமில்லை.

"ரெண்டு நாள் பிந்திப் பிறந்திருந்தால் அடுத்த வருசப் பிள்ளையளுக்கை இவள்தான் மூத்தவள்" என்று மனைவி பத்மாவதியிடம் அங்கலாய்த்தார்.

"இதை எனக்கு முதலே சொல்லியிருந்தால் பொறுத்திருப்பனே" என்றாள் பத்மாவதி.

அதன்பிறகு அந்தப் பதினாறு பேரையும் அவர் விடவில்லை. வருசாவருசம் விசாரித்துக் குறித்தார். நாலு பேர் கனடா. இரண்டு பேர் மருத்துவபீடம். மூன்று பேருக்குக் கலியாணம். இன்னும் மட்டை பிடிக்கிறவர்கள் இரண்டே இரண்டு பேர். பக்கத்து வீட்டு உதயகலாவும் அந்தப் பட்டியலில் இருந்தவள்தான். உயர்தரம் படிக்கும்போது விளையாட்டை விட்டாள், இப்போது வங்கியில் வேலை, ஒரு கவலையும் இல்லை. மாகாணம் கொடுத்த நல்ல மட்டையை ஆரணியிடம் கொடுத்துவிட்டாள். ஆரணிக்குப் பதினேழு வயதில் உயரம் தானாக வந்தது. அந்த மட்டையோடு பல்கலைக்கழக அணிக்கு ஓடினாள், பிறகு தேசிய அணித் தெரிவுக்குக் கொழும்புக்கும் போனாள்.

வெள்ளிக்கிழமை பஞ்சலிங்கம் வெங்காயப் பாத்திகளுக்கு மண்வெட்டியால் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது.

"அப்பா, பட்டியல் ஒட்டியாச்சு. என்ரை பேர் இருக்கு."

"நல்லாப் பாத்தனியே பிள்ளை?"

"மூண்டுதரம் பாத்திட்டன்."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாய்க்கால் தண்ணீருக்குள்ளேயே குந்தி இருந்துவிட்டார். அடுத்த நிமிசமே பனர் கட்டக் கை பரபரத்தது. பத்மாவதிக்கு ஆளைத் தெரியும்.

"இஞ்சருங்கோ, சத்தியம் ஞாபகம் இருக்கோ?"

"ஓம், ஓம்" என்றார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

ஞாயிறு காலை ஆரணி சந்தியில் பஸ்ஸால் இறங்கினாள். பஞ்சலிங்கம் மோட்டார் சைக்கிளோடு நின்றார். அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். மரம் வெறுமையாக நின்றது.

"என்னப்பா, ஒண்டையும் காணேல்லை?"

"நீதானே வேண்டாமெண்டனீ. சத்தியமெல்லே பண்ணினனான்."

அவள் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து தாய் நீட்டிய தேத்தண்ணியையும் குடிக்காமல் நேரே கொட்டிலுக்குப் போனாள். பழைய பனரை அவிழ்த்து இழுக்க, வெங்காயச் சருகு தலையெல்லாம் கொட்டியது. கிழிக்கப்போகிறாள் என்றே பஞ்சலிங்கம் நினைத்தார்.

அவள் அதைக் கிணற்றடியில் போட்டுக் கழுவினாள். உதயகலா வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு, சிவப்புப் பெயின்ற்றோடு ஓடிவந்தாள். நிறம் வெளிறியிருந்தாலும் இரட்டைப் பின்னல்காரி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். 'வட மாகாண' என்பதை ஆரணி கோடு போட்டு வெட்டினாள். மேலே 'இலங்கை' என்று எழுதினாள். அடியில் இன்னொரு வரி எழுதினாள். அதைத் தகப்பன் பார்க்காதபடி சுருட்டி எடுத்துக்கொண்டு சந்திக்கு நடந்தாள்.

ஏணியைப் பஞ்சலிங்கம் பிடித்தார், மகள் ஏறினாள். பனர் விரிந்தபோதுதான் அந்த வரி அவர் கண்ணில் பட்டது.

'என்ரை அப்பாவுக்கு முதலே தெரியும்.'

சந்திச் சனமெல்லாம் பார்க்க அவர் விம்மி விம்மி அழுதார். அழுதாலும் தோட்டக்காரக் கண் சும்மா இருக்குமா? இடக்கைப் பக்கம் கயிறு தாழ்ந்திருந்தது.

"உயரம் காணாது பிள்ளை" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னும் கொஞ்சம் மேலை கட்டு."