குரலில் ஏற்றிய கனம்

உதயசூரியன் என்று பெயர் வைத்துக்கொண்டு எல்லாக் கட்சிக்கும் மைக் பிடித்தவர் திருமயத்தில் ஒருவர்தான். பெயர் வைத்த அப்பா எந்தக் கட்சி என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மகனுக்குக் கட்சியெல்லாம் கிடையாது, தொண்டை மட்டும்தான். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அவர் கிளம்பினால், துணிக்கடைத் தள்ளுபடி, கோயில் குடமுழுக்கு, ஜல்லிக்கட்டு, இழவுச் செய்தி என்று அரிமளம் வரைக்கும் எல்லாம் அவர் வாயால்தான் போய்ச் சேரும். செத்தவனைக்கூட உதயசூரியன் சொன்ன பிறகுதான் செத்தவன் என்று ஊர் ஒப்புக்கொள்ளும் எனக் கேலி பேசுவார்கள்.

அந்தத் தொண்டையில்தான் கோளாறு வந்தது. மாதக்கணக்கில் கரகரப்பு. சளி என்று சொல்லி மிளகைக் கடித்துக்கொண்டிருந்தவரை மனைவி ராஜலட்சுமி திருச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், புற்றுதான் என்றார். குரல்நாணில் சின்னதாக இருக்கிறது, இப்போதே கதிர்வீச்சு, அதாவது கரண்ட் வைத்தால் ஆளும் தப்புவார், குரலும் பெரும்பாலும் தப்பிவிடும் என்றும் சொன்னார். வரவேண்டிய தேதியையும் குறித்துக் கொடுத்தார்.

அந்தத் தேதிக்கு முன்னால் உதயசூரியன் ரகுநாத்திடம் வந்தார். ரகுநாத் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் கடை மாடியில் ஒரு அறை பிடித்து ஸ்டுடியோ வைத்திருந்தான். அம்மன் பாட்டு, கடை விளம்பரம் என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. உதயசூரியன் அவனுக்கு மாமா முறை.

“கரண்டு வச்சா கொரலு என்னாகுமோ, எவன் கண்டான்? அதுக்கு முந்தி நம்ம சரக்கையெல்லாம் புடிச்சு வச்சிரு மாப்ளே. நான் படுத்துக் கெடந்தாலும் ஆட்டோ ஓடணும்ல,” என்றார்.

ராஜலட்சுமி பிளாஸ்க்கில் சுக்குத் தண்ணீரோடு மூலையில் உட்கார்ந்தாள். உதயசூரியன் மைக் முன்னால் நின்று, “அன்பார்ந்த பொதுமக்களே” என்று ஆரம்பித்தார்.

ஹெட்போனில் கேட்ட ரகுநாத்துக்குப் பகீரென்றது. நேரில் பேசும்போது இவ்வளவு தெரியவில்லை. எந்தக் குரலும் ஒற்றைச் சத்தம் இல்லை. அடியில் ஒரு சுதி இருக்கும். அதற்கு மேலே அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மெல்லிய சுதிகள் அடுக்கடுக்காக நிற்கும். இது இன்னாருடைய குரல் என்று நாம் கண்டுபிடிப்பது அந்த அடுக்கை வைத்துத்தான். மாமாவின் குரலில் அடி மட்டும் இருந்தது. மேலே இருக்கவேண்டிய இடத்தில் வெறும் காற்று.

அதற்கு அவனிடம் வழி இருந்தது. சாச்சுரேஷன் என்பார்கள். ஒரு ஆம்ப்ளிபயர் தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் மேலே சத்தத்தை ஏற்றினால், அலையின் உச்சி நசுங்கும். அந்த நசுங்கலில் மேல் சுதிகள் புதிதாகப் பிறக்கும். அளவாக ஏற்றினால் குரல் தடிக்கும், சூடாகும், அளவு மிஞ்சினால் கிழியும். நீர்த்துப்போன குழம்பில் அரிசி மாவைக் கரைத்து விடுகிற வேலைதான். என்ன, இங்கே மாவும் அந்தக் குழம்பிலிருந்தே வரும். இப்போது அதைக் கம்ப்யூட்டரில் ஒரு திருகு செய்துவிடுகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. ஊருக்குத் தெரிந்த உதயசூரியன் குரலில் பாதி அவருடைய பழைய ஆம்ப்ளிபயர் கொடுத்தது. அவர் அதை எப்போதும் கடைசி வரைக்கும் திருகித்தான் வைப்பார். அது திணறித் திணறி, குழாய் ஸ்பீக்கர் அலறி, அந்த முரட்டுக் குரல் உண்டானது. ஆகவே எதை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது ரகுநாத்துக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் இருந்தது. திருகினான். பாவம், மனுஷன் ஒரு தடவை தன் பழைய குரலைக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தான். தன் கைவேலையைக் காட்டுகிற ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

ஸ்பீக்கரில் போட்டதும் அறை அதிர்ந்தது. உதயசூரியன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கண்ணில் தண்ணீர்.

“இதுடா கொரலு! கேட்டியா ராஜி?”

ராஜலட்சுமி ஸ்பீக்கரையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஏன் ரகு, இது இவரு கொரலுதானா? மெசினு எதுவும் சேத்துச்சா?”

“எல்லாம் மாமா கொரல்ல இருந்து வந்ததுதான் அத்தை. வெளியில இருந்து நான் ஒண்ணும் போடல,” என்றான் ரகுநாத்.

சொன்னதில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தாலாவது அவள் கண்டுபிடித்திருப்பாள். திருகை அணைத்துவிட்டு, பிடித்தது பிடித்தபடி ஒரு தடவை போட்டுக் காட்டியிருக்கலாம். மாமா மனசு உடைந்து போவார் என்று அவன் அதைச் செய்யவில்லை. பிடித்ததையெல்லாம் அந்தக் கனத்தோடேயே பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தனுப்பினான்.

திருச்சிக்குப் போகவேண்டிய நாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும். ரகுநாத் அறையில் வேலையாக இருந்தபோது தெருவில் அந்தக் குரல் வந்தது. சன்னல் வழியாகப் பார்த்தான். ஆட்டோவில் டிரைவர் திருப்பதிக்குப் பக்கத்தில் உதயசூரியன் வெற்றிலை போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். ரகுநாத் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினான்.

“மாமா, திருச்சிக்குப் போகலையா நீங்க?”

“எதுக்கு மாப்ளே?” அவர் தலைக்கு மேலே ஸ்பீக்கரைக் காட்டினார். “தொண்டை கெட்டவன் கொரலா இது? வாயில வாரப்பதான் சளி வந்து அடைக்குது. மைக்கு உள்ள போய் அசலப் புடிச்சிருச்சு பாரு. நாப்பது வருசமா மைக்கு எனக்குப் பொய் சொன்னதில்ல. நேத்துப் பாத்த டாக்டரு சொல்றத நம்பச் சொல்றியா?”

அவர் சொன்னது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். ஆனால் அந்த மனுஷன் வாழ்நாளெல்லாம் தன் குரலைத் தலைக்கு மேலிருந்த குழாயில்தான் கேட்டிருக்கிறார். வாயிலிருந்து வருவது அவருக்குக் கச்சாப் பொருள், குழாயில் வருவதுதான் குரல். இது ரகுநாத்துக்குத் தெரியாததா? தெரிந்துதானே அந்த அடுக்கைச் சேர்த்தான். அதுதான் அவனைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனான். ஒரே வரியைத் திருகோடும் திருகு இல்லாமலும் போட்டுக் காட்டினான். திருகை அணைத்ததும் குரல் சட்டென்று இளைத்து, நடுநடுவே காற்றாகிப் போனது.

உதயசூரியன் முகம் சுருங்கியது. “யாருடா இது, சீக்குக் கோழி கத்துற மாதிரி?”

“நீங்கதான் மாமா. இதுதான் மைக்கு புடிச்சது. மத்தது நான் ஏத்துனது.”

“அன்னைக்கு வெளியில இருந்து ஒண்ணும் போடலன்னியே?” அவர் வாசல் பக்கம் திரும்பினார். “ஒங்கத்தை சொல்லி விட்டாளாக்கும். நல்ல கொரலக் கெடுத்துக் கொண்டாந்து என்னையப் பயங்காட்டுறீங்க. போடா.”

உண்மையைச் சொல்ல வந்தவன் பித்தலாட்டக்காரனாகித் திரும்பினான். தெருமுனை வரைக்கும் ராஜலட்சுமி பின்னாலேயே வந்தாள். அவள் கத்தவில்லை.

“அன்னைக்கு ஒன்னயத்தான கேட்டேன் ரகு? இத மட்டும் அன்னைக்குப் போட்டிருந்தியன்னா, ஒன் மாடிப்படியில இருந்து அப்படியே இழுத்துக்கிட்டுப் போயி திருச்சி பஸ்ல ஏறியிருப்பேன். அப்ப அவருக்கே பயம் இருந்துச்சு. இப்ப அந்தப் பயத்த நீ எடுத்துட்டியே.”



அதற்குப் பிறகு அவள் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். எங்கே எடுபட்டது? ஆட்டோ போகிற இடமெல்லாம், “அண்ணே, தொண்டை சரியாயிருச்சு போல,” என்று ஆட்கள் கேட்க, அவர் சிரித்துத் தலையாட்டிக்கொண்டு போனார். நாட்டு வைத்தியம், கஷாயம், பத்தியம் என்று பங்குனி போய் ஆவணியும் வந்தது. ஒரு நாள் கடைவீதியில் நடக்கும்போதே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இனிமேல் கரண்ட் வைத்துப் பிரயோசனம் இல்லை, குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார் அதே டாக்டர். எடுத்தார்கள். ஆள் பிழைத்தார்.

ஆட்டோ மட்டும் நிற்கவில்லை. அந்தக் குரல்தான் வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள், திருப்பதி ஓட்டினான். அது தெருவில் வரும்போதெல்லாம் ரகுநாத் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்துவான். சாத்தினால் அடங்குகிற குரலா அது? கனம் ஏற்றியவனே அவன்தானே. அவன் அதற்குப் பிறகு எவர் குரலிலும் அந்தத் திருகைத் தொடக் கூசினான். பாட்டு சப்பென்று இருக்கிறது என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

தை மாதம் ஒரு மத்தியானம் இரண்டு பேரும் மாடியேறி வந்தார்கள். உதயசூரியன் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. ராஜலட்சுமியின் கையில் அதே சுக்குத் தண்ணீர் பிளாஸ்க். ரகுநாத் எழுந்து நின்றான். என்ன சொல்லி வரவேற்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் போட்டான்.

“மாமா, நான் அன்னைக்கு…” என்று ஆரம்பித்தான். உதயசூரியன் கையைக் காட்டி அமர்த்தினார். மன்னித்தாரா, கேட்கப் பிடிக்கவில்லையா என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

ராஜலட்சுமிதான் பேசினாள். “வீட்டுல பெட்டி நெறைய இவரு கொரலு இருக்கு ரகு. துணிக்கடை இருக்கு, செருப்புக்கடை இருக்கு, குடமுழுக்கு இருக்கு. வீட்டுல பேசுற பேச்சு ஒண்ணுகூட இல்ல. அத எவ புடிச்சு வச்சா? அன்னைக்கு இங்க பேசி முடிச்சதும் என்னையக் கூப்பிட்டாரு. அது இருக்குமா?”

இருந்தது. விளம்பரத்துக்குத் தேவையில்லை என்று முன்னும் பின்னும் அவன் வெட்டியிருந்தானே தவிர, பிடித்தது முழுக்க அப்படியே கிடந்தது. தேடி எடுத்துப் போட்டான்.

“…அனைவரும் வருக வருக.” ஒரு இருமல். நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு, இளைத்துப்போன குரல், பாதி காற்றாக: “ராஜீ… அந்தத் தண்ணிய எடு.”

“இந்தா,” என்றாள் ராஜலட்சுமி. கை பிளாஸ்க்குக்குப் போய்விட்டது. போன பிறகுதான் யார் கூப்பிட்டது என்று அவளுக்கு உறைத்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

உதயசூரியன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சீக்குக் கோழி என்று அவரே விரட்டிய குரல். பிறகு ஒரு விரலைத் தூக்கினார், இன்னொரு தடவை என்று. ரகுநாத்தின் கை பழக்கத்தில் திருகின் பக்கம் போனது, கொஞ்சமாவது தெளிவாகக் கேட்கட்டுமே என்று. அவர் அந்தக் கையை எட்டிப் பிடித்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அவன் அப்படியே போட்டான். கரண்ட் வைத்திருந்தால் மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் சொன்னது இந்தக் குரலைத்தான். இதை வைத்துக்கொண்டு அவர் இன்னும் எத்தனையோ வருஷம் அவளைக் கூப்பிட்டிருக்கலாம். ரகுநாத் மேஜையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதான்.

ஸ்பீக்கரில் மறுபடியும் “ராஜீ” என்று கேட்டது. அவள் பிளாஸ்க் மூடியில் சுக்குத் தண்ணீரை ஊற்றி, பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்தாள்.