சிராய்க்காத முழங்கால்கள்

ஏழு வயது முடிவதற்குள் விளையாடி ஒருமுறைகூடச் சிராய்த்துக்கொள்ளாத முழங்கால்களை அந்த ஊர் நகராட்சி திரும்ப எடுத்துக்கொள்ளும். எடுக்கும்போது வலிக்காது. மாடிவீட்டுப் பையனுக்குப் போன வருடம் எடுத்தார்கள். அவன் இப்போது நின்றபடியே சாப்பிடுகிறான், நின்றபடியே தூங்குகிறான். அவனைச் சுவரோரம் சாய்த்துவைப்பது அவன் அம்மாவுக்குப் பழகிவிட்டது.

அருணகிரிக்குத்தான் பழகவில்லை. அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மகள் நித்திலாவுக்குத் திங்கட்கிழமையோடு ஏழு முடிகிறது. அவள் முழங்கால்களோ வெண்ணெய் மாதிரி இருந்தன. இருக்காதா பின்னே? பிள்ளை எங்கே விழுந்துவிடுமோ என்று, ஊஞ்சலைக்கூடத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிற மகராசன் அவன்.

சனிக்கிழமை, தேங்காய் நாரோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு தேய் தேய்த்தால் போதும். ஆனால் சோதனைக்கு வருகிறவர்கள் காயத்தை மோந்து பார்ப்பார்கள். விளையாடி வந்த காயத்தில் மண்வாசனை இருக்கும். தெருவில் வண்டி இடித்த காயமும் செல்லாது. தெரு விளையாடும் இடமில்லை என்று நோட்டீசிலேயே போட்டிருக்கிறது. நாரைக் கீழே வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவளைப் பூங்கா மணலில் ஓடவிட்டான். நித்திலா சிரித்துக்கொண்டே ஓடினாள். நாலாவது எட்டில் கால் தடுக்கியது. பாழாய்ப்போன பயம் சும்மா இருந்தால்தானே. பாய்ந்து விழுந்து அவளைத் தாங்கிவிட்டான். அவள்மேல் ஒரு துளி மணல்கூட ஒட்டவில்லை. அவனுக்குத்தான் இரண்டு முழங்காலும் உரிந்து ரத்தம் கசிந்தது.

மறுநாள் காலை நகராட்சிப் பரிசோதகர் தமயந்தி வந்தார். நித்திலாவின் முழங்கால்களை மோந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அருணகிரி மகளை இழுத்து அணைத்துக்கொண்டான்.

"எடுத்துடுவீங்களா மேடம்?"

"எடுக்காம எப்படி சார்? உங்க காலைக் காட்டுங்க."

காட்டினான். குனிந்து நன்றாக மோந்தார்.

"இது விளையாடின முழங்கால்தான். பாப்பாவுக்கு இதைப் போட்டுடலாம். அவளோடதை நீங்க வச்சுக்குங்க. மூணு மாசம் டைம். அதுக்குள்ள விழுந்துடணும்."

பத்து நிமிட வேலை. நித்திலா எழுந்து அப்பாவின் பெரிய முழங்கால்களில் நடந்து பார்த்தாள். படி இறங்கும்போது மட்டும் கொஞ்சம் வலிக்கிறது என்றாள்.

அருணகிரிக்குக் கட்டிலைவிட்டு இறங்கவே பயமாக இருந்தது. சாயங்காலம் நித்திலா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போனாள். வழியில் பார்த்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். மணல் நடுவில் அவனை நிறுத்தினாள்.

"கல்லு கில்லு ஒண்ணும் இல்லப்பா, பார்த்துட்டேன். ஓடு."

"நீ பிடிச்சுக்குவதானேம்மா?"

"மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் கையை விட்டாள். அவனுக்கு உயிரே போய்விடும்போல் இருந்தது. ஓடினான்.