முயலின் சினைப்பையில் ஒரு வட்டம்

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கிறது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இருக்கட்டும். ஆனால் 1999 மார்ச்சில் பெரம்பலூர் காலேஜில் நான் போட்ட சண்டைக்குக் கோபம் காரணம் இல்லை. சோம்பல்தான் காரணம். கோபம் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

அது ஒரு பெண்கள் கல்லூரி. பெயர் வேண்டாம். நான் பி.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருஷம். லப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். எங்கள் தெருவில் காலேஜ் படிக்கட்டு ஏறிய பெண்களை எண்ண ஒரு கை போதும். அப்பா நசீருதீன், அத்தா என்றுதான் கூப்பிடுவேன், ஜித்தாவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். அவர் என்னோடு போட்ட ஒப்பந்தம் ஒன்றே ஒன்றுதான். ஒரு பேப்பரில்கூட ஃபெயில் ஆகாமல் டிகிரி முடித்தால் எம்.எஸ்ஸி. பற்றிப் பேசலாம். ஒன்று போனாலும் மே மாசம் நிக்காஹ். மாப்பிள்ளை மாமா மகன் ஆசிப். தம்மாமில் வேலை, மே மாசம்தான் லீவு. ஆசிப் நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. மே மாசத்தின்மேல்தான் குறை.

செய்முறைத் தேர்வில் உட்கார வேண்டுமானால் ரெக்கார்டு நோட்டில் வேம்பு மேடத்தின் கையெழுத்து இருக்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் தேர்வு இல்லை. தேர்வு இல்லையென்றால் ஃபெயில். ஃபெயில் என்றால் மே மாசம்.

ரெக்கார்டு எழுதுவது எப்படி என்று எங்கள் டிபார்ட்மென்ட்டில் எல்லாருக்கும் தெரியும். மைக்ராஸ்கோப்பைத் தொடவே வேண்டாம். சீனியர் அக்காவின் ரெக்கார்டை வாங்கி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்து, அதன்மேல் நம் தாளை வைத்து, வெயிலில் தெரிகிற கோட்டின்மேல் பென்சிலை ஓட்டினால் படம் தயார். பிறகு ரோஸ், ஊதா என்று இரண்டு கலர் பென்சில். அந்த அக்காவும் அவளுடைய அக்காவிடம் அப்படி வாங்கியவள்தான். எங்கள் லேபில் மைக்ராஸ்கோப்புகள் உறை போட்டுப் புதுசாகவே இருந்தன. ஜன்னல் கண்ணாடிதான் தேய்ந்துபோயிருந்தது.

அந்த வருஷம் எங்கள் வகுப்பு நாற்பது பேருக்கும் வாய்த்தது ஒரே ஒரு சீனியர் ரெக்கார்டு. அது கை மாறி மாறிக் கடைசியில் செட்டிகுளம் ஜோதியிடம் போயிருந்தது. மறுநாள் எல்லாரும் ரெக்கார்டை ஒப்படைக்க வேண்டும். எனக்கு முயலின் சினைப்பை, கருக்குழாய் இரண்டு படமும் பாக்கி. அன்று காலை காலேஜுக்குப் போனால் ஜோதிக்குக் காய்ச்சல், லீவு. ரெக்கார்டும் அவளோடு லீவு. அவளை வாயாரத் திட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் ஒரு மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றினேன்.

லேப் அட்டெண்டர் முருகையன் அண்ணன் இரண்டு ஸ்லைடையும் பஞ்சில் வைத்துக் கொடுத்தார். சினைப்பை ஸ்லைடு மேடத்தின் குழந்தை மாதிரி, பத்திரம் என்றார். அது உண்மைதான். பதினைந்து வருஷத்துக்கு முன் எம்.ஃபில். படிக்கும்போது மேடம் தன் கையாலேயே வெட்டி, சாயமேற்றி, கண்ணாடியில் ஒட்டியது. விலைக்கு வாங்கிய ஸ்லைடுகளைப் பார்த்து மேடம் மூக்கைச் சுளிப்பார்.

முதலில் கருக்குழாயைப் பார்த்தேன். பார்த்ததும் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். முட்டைக்கோசைக் குறுக்கே வெட்டினால் உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்குமே, அப்படி இருந்தது. ஒவ்வொரு மடிப்பின் ஓரத்திலும் மெல்லிய முடிகள் வரிசையாக நின்றன. முட்டையைக் கருப்பைப் பக்கம் தள்ளிக்கொண்டு போவது அந்த முடிகள்தான் என்று புத்தகத்தில் படித்து ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அவை நிஜமாகவே இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு சினைப்பை. ஓரம் முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு சின்னச்சின்ன முட்டைகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒற்றை வரிசை செல்கள். கொஞ்சம் உள்ளே சில முட்டைகள் இரண்டு மூன்று வரிசை செல்களோடு பெருத்திருந்தன. எல்லாம் சரி. கிராஃபியன் ஃபாலிக்கிளை மட்டும் காணோம். நன்றாக முற்றி, நடுவில் நீர் கோத்து, முட்டையை ஒரு பக்கமாக ஏந்திக்கொண்டிருக்கும் பெரிய பை அது. வெடித்தால் முட்டை வெளியே வரும். சீனியர் ரெக்கார்டில் இடது மூலையில் பெரிதாக வரைந்திருக்கும். அந்த இடத்தில் இங்கே ஒரு வட்டம் இருந்தது. கனத்த கறுப்பு விளிம்பு. உள்ளே முட்டை இல்லை, செல் இல்லை, ஒன்றுமே இல்லை. திருகைத் திருப்பினால் விளிம்பு வீங்கியது, மறுபக்கம் திருப்பினால் மெலிந்தது. ஸ்லைடு ஒட்டிப் பழகிய யாருக்கும் அது என்னவென்று தெரியும். இருந்தது இருந்தபடி வரைந்தேன். வட்டத்துக்கு நேராகக் கோடு இழுத்துக் 'காற்றுக்குமிழ்' என்று எழுதினேன்.

மறுநாள் வேம்பு மேடம் ரெக்கார்டுகளைத் திருத்தினார். ஆள் சிறியவர், குரல் மட்டும் அந்தப் பக்கத்துக் கட்டடம் வரை போகும். என் நோட்டு வந்ததும் கை நின்றது.

"என் ஸ்லைடுல காத்து பூந்துருச்சுன்னு எழுதியிருக்க. இத்தன வருஷமா இத பாத்தவ எல்லாம் முட்டாளு, நீ ஒருத்திதான் புத்திசாலியா?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நான் சொன்னேன், "யாரும் பாக்கல மேடம்."

நோட்டு காற்றில் பறந்து என் காலடியில் விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்காக வரைந்து வந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வந்து பார் என்றார். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

வகுப்பே என்னைச் சூழ்ந்துகொண்டு புத்தி சொன்னது. காய்ச்சல் தேறி வந்திருந்த ஜோதி ஒரு அழிரப்பரை என் கையில் திணித்தாள். ஒரு வட்டம்தானே, உள்ளே ஒரு முட்டையைப் போட்டுவிட்டுப் போயேன், முயலா வந்து கேட்கப்போகிறது என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவளிடமிருந்த சீனியர் ரெக்கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஜன்னலில் ஒட்டி, புதுத் தாளில் முழுப் படத்தையும் எடுத்தேன். ஃபாலிக்கிள் பிரமாதமாக வந்தது. அம்மா பார்த்துவிட்டு, மருதாணிக்கு இந்த டிசைன் நன்றாயிருக்கும் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அந்தப் படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். குன்னம் தாண்டியபோது கோபம் வந்தது. மேடத்தின்மேல் இல்லை, என்மேல். அழகான படம், ஆனால் அப்படி ஒன்று அந்த ஸ்லைடில் இல்லை. முதன்முதலில் எவளோ ஒருத்தி புத்தகத்தைப் பார்த்து அந்த வட்டத்துக்குள் முட்டையைப் போட்டிருக்கிறாள். புத்தகத்தில் இருப்பதுபோலவே இருந்ததால் மேடமும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிறகு வந்தவர்கள் எல்லாம் ஜன்னலைத்தான் பார்த்தார்கள். நானும் ஜன்னலையே பார்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். பார்த்துத் தொலைத்துவிட்டேனே. பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க எனக்கு வரவில்லை.

லேபில் மேடத்தின் மேஜைமேல் குமிழ் படத்தையும் ஜன்னல் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். 

"மேடம், ஃபர்ஸ்ட் இயர்ல கொசுப்புழு ஒட்டுனப்ப எனக்குக் குமிழ் வந்துச்சு. இது குமிழா, புழுவோட பாகமான்னு கேட்டேன். 'சூடு காட்டிப் பாரு, குமிழ்னா நகரும், ஒடம்புன்னா நகராது'ன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

மேடம் என்னையே பார்த்தார். "நகரலன்னா?"

"நகரலன்னா கையெழுத்து வேணாம் மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் மே மாசம் ஞாபகம் வந்தது. அந்த ஸ்லைடின் பிசின் பதினைந்து வருஷமாகக் காய்ந்து இறுகிக் கிடக்கிறது. குமிழாகவே இருந்தாலும் நகராமல் போகலாம். அல்லது சூட்டில் கண்ணாடி விரிசல் விட்டு மேடத்தின் குழந்தையே போய்விடலாம். இதையெல்லாம் பஸ்ஸில் யோசித்திருக்க வேண்டும்.

மேடம் முருகையன் அண்ணனிடம் ஸ்பிரிட் விளக்கைக் கேட்டார். அவர் தயங்கினார், மேடம் திரும்பப் பார்த்ததும் கொண்டுவந்து ஏற்றினார். வகுப்பு முழுக்க எழுந்து வந்து மேஜையைச் சுற்றி நின்றது. மேடம் ஸ்லைடைத் தன் கையாலேயே பிடித்து, சுடரின்மேல் காட்டினார், எடுத்தார், மறுபடி காட்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை. ஊசி முனையால் மேல்கண்ணாடியின் ஓரத்தை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார்.

வெகுநேரம் நிமிரவே இல்லை. திருகை அந்தப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார். ஜோதி என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. கடைசியில் கண்ணை எடுக்காமலே பேசினார்.

"நான் ஒட்டும்போது இது இல்ல. பிசின் காயக் காயக் காத்து பூந்திருக்கு." பிறகு நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தார். "பதினஞ்சு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் இந்த முயலுக்கு முட்டை வெளிய வந்திருக்கு."

முதலில் சிரித்தது முருகையன் அண்ணன். அப்புறம் மேடமே சிரித்தார், அதற்கப்புறம்தான் எங்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். குனிந்தேன். கறுப்பு வட்டம் சினைப்பையை விட்டு வெளியேறி, வெறும் கண்ணாடியில் அனாதையாக நின்றது. அது இத்தனை நாள் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் மூன்று குட்டி முட்டைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவற்றை இத்தனை வருஷத்தில் பார்த்த முதல் ஆள் மேடம், இரண்டாவது ஆள் நான். கண்ணில் தண்ணீர் வந்து எல்லாம் மங்கிவிட்டது. சந்தோஷம்தான். மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

மேடம் நான் ஜன்னலில் எடுத்த படத்தை நாலாகக் கிழித்தார். பழைய படத்தில் பச்சை மையால் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வகுப்பைப் பார்த்தார்.

"மத்தவ எல்லாம் ரெக்கார்ட எடுங்கடி. சாயங்காலத்துக்குள்ள பாத்து வரைஞ்சு காட்டணும். ஜன்னல்கிட்ட எவளாவது நின்னா, தொலச்சுருவேன்."

முப்பத்தொன்பது பேரும் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு உறைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சினைப்பை ஸ்லைடு ஒன்றுதானே, அதற்கான வரிசை லேபைத் தாண்டி வராந்தா வரை போயிற்று. கோயிலில் சாமி பார்க்க நிற்கிற கூட்டம் மாதிரி ஆளுக்கு இரண்டு நிமிஷம். உள்ளே போகும்போது என்னைத் திட்டிக்கொண்டே போனவர்கள் வெளியே வரும்போது திட்டவில்லை.

ஜோதி பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இதெல்லாம் நமக்குள்ளயும் இப்படியேதான் இருக்குமாடி?"

"இப்படியேதான் இருக்கும். பொறக்கும்போதே எல்லா முட்டையும் உள்ள வந்துருதாம்."

அவள் தாவணியை இழுத்து வயிற்றின்மேல் சரிசெய்துகொண்டாள். எதையோ பத்திரப்படுத்துகிற மாதிரி இருந்தது. மூன்று வருஷமாகப் படித்துத் தீராத பாடம் அந்த இரண்டு நிமிஷத்தில் அவளுக்கு முடிந்துவிட்டது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா போன் செய்வார். அன்றைக்கு நான் வீட்டுக்குள் நுழையும்போதே மணி அடித்துக்கொண்டிருந்தது. கையெழுத்துக் கிடைத்ததா என்று கேட்டார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். போனுக்கு நிமிஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று வழக்கமாகச் சொல்கிறவர் அன்றைக்குச் சொல்லவில்லை. முயலில் தொடங்கிக் குமிழ் நகர்ந்தது வரை கேட்டுவிட்டு, மேடத்தின்மீதுதான் தப்பு, மகள் செய்தது சரி என்று புரிந்துகொண்டார் போலிருக்கிறது. அப்படியே கேட்டும் விட்டார்.

"மேடம் மேல தப்பில்ல அத்தா," என்றேன். "அவங்க சொல்லிக் குடுத்தத வெச்சுத்தான் நான் ஜெயிச்சேன்."

  பக்கத்தில் அம்மா போனுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஆசிப் டிக்கெட் போட்டுவிட்டாரா என்று கேட்பதற்கு.

"ஃபஹ்மி," என்றார் அத்தா. "எம்.எஸ்ஸி.க்கு ஃபாரம் எப்ப குடுக்குறாங்க?"

அம்மா போனைப் பிடுங்குவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டேன்.

"மே மாசம், அத்தா."