புஹாரியின் தூக்கம்

மாத்தளையில் தானிய வியாபாரம் செய்த அப்துல் ஸமதிடம் ஒரு லொறி இருந்தது. மகன் புஹாரி அதில் வில்கமுவைக்குப் போய்ச் சோளமும் குரக்கனும் ஏற்றி வருவான். அறுபத்தாறாம் ஆண்டு மழைக்காலத்தில், விடாத இருமலோடு இருந்தவனை உம்மா நூருன்னிஸா டொக்டர் ஸக்கரியாவிடம் கூட்டிப்போனாள். அந்தக் குடும்பத்துக்கு எப்போதும் அவர்தான் மருந்து கொடுப்பவர்.

நெஞ்சைச் சோதித்த டொக்டர், நூருன்னிஸாவை வெளியே இருக்கச் சொன்னார்.

“கஞ்சா குடிக்கிறீங்களா, மகன்?” காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரிக்கிற அதே குரலில் கேட்டார்.

புஹாரி கதவைப் பார்த்தான். “வாப்பாட்ட சொல்லுவீங்களா?”

“நீங்க சொல்லச் சொன்னா மட்டுந்தான்.”

வில்கமுவையில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்பவர்களிடம் வாங்குவதாகச் சொன்னான். முதலில் இரவில் மட்டும்தான். இப்போது விடிந்ததும் வேண்டியிருந்தது.

“இல்லாட்டி என்ன செய்யுது?”

“கண்ண மூட ஏலாது, டொக்டர். இருளாண்டி வாரான்.”

இருளாண்டி லொறியின் கிளீனர். வழியில் நாலந்தா ஊருக்குப் பக்கத்தில் சக்கரத்தில் அகப்பட்டு, புஹாரியின் மடியில் உயிரை விட்டவன். மறுநாளே வாப்பா வேறு கிளீனரைப் போட்டார். வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

டொக்டர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஒரேயடியா விடச் சொல்லல்ல. காலைல குடிக்கிறத மட்டும் நிப்பாட்டிப் பாப்போம். ஏலாமப் போனாலும் வாங்க. ஏச மாட்டேன்.”

புஹாரி வெள்ளிக்கிழமைகளில் வந்தான். சில வாரம் காலையில் குடிக்காமல் இருந்தான். சில வாரம் தவறினான், தவறியதையும் சொன்னான்.

ஒருநாள் அப்துல் ஸமத் வந்தார். “வெள்ளிக்கு வெள்ளி இங்க வாரானே, அவனுக்கு என்ன நோவு?”

“அத அவர்ட்டயே கேளுங்க. அன்பாக் கேளுங்க,” என்றார் டொக்டர்.

அவர் கேட்கவில்லை. லொறி ஆசனத்துக்கடியில் தேடிக் கஞ்சாப் பொட்டலத்தைக் கண்டெடுத்து, கடையில் ஆட்கள் முன்னால் மகனை இடுப்புப் பட்டியால் அடித்தார். அன்று மாலையே புஹாரி வில்கமுவைக்குப் போய்விட்டான்.

“தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்த சொல்லல்லியே, டொக்டர்,” என்று நூருன்னிஸா அழுதாள். அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அது சரிதானா என்று அன்று அவருக்கே நிச்சயமில்லை.

“நான் போனா வைத்தியம் பாக்க வந்ததா புஹாரி நெனப்பார். நீங்க போங்க. வரச் சொல்லாதீங்க, குடிக்காதேன்னும் சொல்லாதீங்க. என்ன நடந்திச்சுன்னு கேளுங்க,” என்றார்.

நூருன்னிஸா பஸ்ஸில் ஒரு பகல் முழுதும் போய் அவனைச் சேனைக் குடிலில் கண்டாள். கண்கள் சிவந்து, உடம்பு வற்றிக் கிடந்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு இருளாண்டியைப் பற்றிச் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவள் அவன் கையை விடவில்லை.

அடுத்த மாதம் தானாகவே திரும்பி வந்தான். லொறியில் ஏறவில்லை, ஒரு மர ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். கஞ்சாவை முழுதாக விட்டான் என்று சொல்ல முடியாது. மாதத்தில் ஓரிரு தடவை குடித்தான். குடித்த வாரமும் டொக்டரிடம் வந்தான்.

அப்துல் ஸமத் வேறு வைத்தியரைப் பார்க்கத் தொடங்கினார். பள்ளிவாசலில் ஸக்கரியா சொல்லும் ஸலாமுக்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். மகனோடு அவர் பேச்சை முற்றாகவே நிறுத்திவிட்டார்.