கைதட்டலுக்குச் சந்தா

ஆப்பிள் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று ரஷ்ய மொழியில் கேட்டது டேப்லெட். ஜிர்கால் உதட்டைக் குவிப்பதற்குள் அடுப்பில் கெட்டில் விசிலடித்தது. "அருமை!" என்று டேப்லெட் கைதட்டியது. அவர் முகம் மலர்ந்தது. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அவர் மனைவி சைராகானின் கை அப்படியே நின்றது.

கிர்கிஸ்தானின் மலை ஊரான நாரினிலிருந்து தலைநகர் பிஷ்கேக்குக்குப் பேருந்து ஓட்டியவர் ஜிர்கால். வழி முழுக்கப் பயணிகளைச் சிரிக்க வைப்பவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. கை பாதி திரும்பிவிட்டது. பிஷ்கேக்கில் வேலை பார்க்கும் மகள் பெகாயிம்தான் பேச்சுப் பயிற்சிச் செயலியைப் போட்டுக்கொடுத்துச் சந்தாவும் கட்டினாள். இந்த வாரத்தோடு அது முடிகிறது.

அவர் குளிக்கப் போனதும் சைராகான் டேப்லெட்டின் முன் உட்கார்ந்தாள். ஜன்னல் படம் வந்தது. "கழுதை" என்றாள், தன் தாய்மொழியான கிர்கிஸில். கைதட்டல். கரண்டி வந்தது. "உன் அப்பன் கழுதை." அதற்கும் கைதட்டல். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றும் போனது. இதை நம்பித்தானே அவர் தினமும் தலைசீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மகளை அழைத்தாள். "சந்தாவைப் புதுப்பிக்காதடி."

"ஏம்மா? அப்பாவுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அது. நான்தானே கட்டறேன்."

"கெட்டில் கத்தினாலும் கைதட்டுதுடி அது."

"அப்பா மனசு உடைஞ்சிடும்மா."

"உடையட்டும். வாயாவது திறக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அக்கம்பக்கத்தார் அவரிடம் காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்தினார்கள். அவளோ அவர் கண் போகும் இடத்தைப் பார்த்தே கோப்பையை நீட்டிவிடுவாள். பேருக்காவது அவரிடம் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது அந்த இயந்திரம் மட்டும்தான்.

செயலி நின்ற காலையில் அவர் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அவள் பக்கம் தள்ளினார்.

"நிறுத்தச் சொன்னது நான்தாங்க. அது உங்கள ஏமாத்திச்சு. இனிமே எங்கிட்ட சொல்லுங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுவேன்."

தொப்பியை விட்டெறிந்துவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தேநீரைத் தொடவில்லை. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் உப்பைக் காட்டினால், "என்ன வேணும்?" என்று கேட்டு ஜாமை வைத்தாள். தொப்பியைக் காட்டினால் செருப்பை எடுத்து வந்தாள். அவர் கண்ணில் பொறி பறந்தது. அவள் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்தாள்.

ஒரு வாரம் கழித்து, பால் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு காலிமான் வெளிக்கதவைச் சாத்தாமல் போய்விட்டாள். சைராகான் கவனிக்கவில்லை, ரொட்டி, கத்தி, வெண்ணெய் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மூ... டு."

கரகரவென்று, கோபமாக, கிர்கிஸில். அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"எதைங்க? கதவையா, என் வாயையா?"

அவர் அவளை முறைத்தார். உதடுகள் மெல்லக் குவியத் தொடங்கின. திறந்த கதவு வழியே பனி உள்ளே வந்து கம்பளத்தின் ஓரத்தில் படிந்துகொண்டிருந்தது. அவள் எழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.